திறக்காத டப்பா

என் மகளுக்கு டைப் 1 சர்க்கரை நோய். இன்சுலின் போடும் பிள்ளைக்குச் சர்க்கரை ஏறுவதைவிடச் சட்டென்று இறங்குவதுதான் உடனடி ஆபத்து என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். நினைவு தப்பினால் போடுவதற்குக் குளுக்ககான் ஊசியும் எழுதிக் கொடுத்தார். கேட்டவுடன் கிடைக்கிற மருந்தல்ல அது. மருந்துக் கடையில் சொல்லிவைத்து வரவழைத்தேன். ஆரஞ்சு நிற டப்பாவை ஃப்ரிட்ஜ் கதவில் வைத்தேன். அதற்குப் பிறகு அதைத் தொடவே இல்லை.

திறந்து பார்க்கப் பயம். திறந்தால் அந்த நாள் வந்துவிடும் என்று உள்ளுக்குள் ஒரு நடுக்கம். போடும் முறையைச் செய்துகாட்ட நர்ஸ் கூப்பிட்டபோது ஆபீஸ் வேலை என்று சொல்லித் தட்டிக் கழித்தேன். வேலை ஒன்றும் இல்லை.

அந்த இரவு தலையணை வேர்வையில் ஊறிக் கிடந்தது. பாப்பாவின் பற்கள் கிட்டித்திருந்தன. கை வெட்டி வெட்டி இழுத்தது. குளுக்கோமீட்டரில் 31. மனைவி 108-க்குப் போன் செய்ய, நான் டப்பாவைத் திறந்தேன். ஒரு சின்னக் குப்பியில் பொடி, சிரிஞ்சில் தண்ணீர். தண்ணீரைக் குப்பிக்குள் செலுத்தி, பொடி கரைந்து தெளிந்ததும் திரும்ப உறிஞ்சி, தொடையில் போட வேண்டும். மூடியின் உள்ளே படம் போட்டே காட்டியிருந்தார்கள். என் கண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. டப்பாவை மூடிவிட்டுச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து அவள் வாயில் ஊற்றினேன்.

நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. இது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் ஊற்றினேன், ஏதாவது செய்ய வேண்டுமே என்று. பாதி கடைவாயில் வழிந்தது. மீதி மூச்சுக்குழலுக்குள் போனது. 108-இல் வந்தவர்கள் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றியபின் கண் திறந்தாள். ஆனால் நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நான் அந்த ஊசியைப் போட்டிருந்தால், கல்லீரல் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரையை அந்த மருந்தே இரத்தத்துக்குள் இறக்கிவிட்டிருக்கும். பெரும்பாலும் 10, 15 நிமிடத்தில் நினைவு திரும்பும். வாந்தி வரலாம் என்பதால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், விழித்ததும் இனிப்பும் சாப்பாடும் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் என் வேலையாக இருந்திருக்கும்.

"யார் வாயில ஊத்தினது?" என்று டாக்டர் கேட்டார்.

"அம்மாதான், டாக்டர். பதற்றத்துல ஊத்திட்டாங்க" என்றேன்.

என் அம்மா பக்கத்தில்தான் நின்றிருந்தாள். டாக்டர் அவளைத்தான் கடிந்துகொண்டார்: வயசான காலத்தில் கைவைத்தியம் எல்லாம் வேண்டாம் என்று. அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். அந்த இரவு நான் ஊற்றியபோது அவள் பாப்பாவின் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாளே தவிர டம்ளரைத் தொடக்கூட இல்லை. வீட்டுக்கு வந்தும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் மனைவியும் கேட்கவில்லை. அவர்கள் கேட்கவில்லை என்பதையே நான் இத்தனை நாள் சௌகரியமாக எடுத்துக்கொண்டேன்.

பிறகு, காலாவதியான டப்பாவை வைத்து நர்ஸ் பழக்கிக் கொடுத்தபோது முதலில் கற்றுக்கொண்டவள் அம்மாதான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குப்பியை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பொடி கரைந்ததா என்று பார்த்தாள். இப்போது எனக்கும் தெரியும். பாப்பாவின் வகுப்பு டீச்சருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

டாக்டரிடம் மட்டும் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. அடுத்த செக்கப்புக்கு அம்மாவையும் கூட்டிப் போகிறேன். அவளை வைத்துக்கொண்டே சொல்ல வேண்டும்.