சும்மா ஒரு நடை

புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து வெளியே புறப்பட வேண்டுமானால் நம்மூரில் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். கல்யாணம், துக்கம், கோயில், ஆஸ்பத்திரி, ஜவுளிக்கடை - இந்த ஐந்துக்குள் அது அடங்கிவிட வேண்டும். ஆறாவதாக, "சும்மா நடந்துவிட்டு வரலாம்" என்று சொல்லிப் பாருங்கள். உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார்கள். சர்க்கரை வியாதி பெருகிய பிறகு இந்த விதி சற்றுத் தளர்ந்திருக்கிறது. டாக்டர் சொன்னால் நடக்கலாம். அப்போதும் புருஷன் பத்தடி முன்னால் போவார். பெண்சாதி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் ஓட்டமும் நடையுமாக வருவாள். அதைச் சேர்ந்து நடப்பது என்று எப்படிச் சொல்வது?

எங்களுக்கு வியாதி ஒன்றுமில்லை. பெண் படிப்புக்காக விடுதிக்குப் போய்விட்டாள். தை மாதம். இவருக்கு ஒரு நாள் லீவு மிச்சமிருந்தது. திருநெல்வேலியிலிருந்து தென்காசி போகும் ரயிலில் ஏறி ஆழ்வார்குறிச்சியில் இறங்குவது, சிவசைலம் வரை நடப்பது, பிறகு மலையடிவாரத்தை ஒட்டித் திரும்பிப் பொட்டல்புதூர் வழியாகக் கடையம் போய்ச் சாயங்கால ரயிலைப் பிடிப்பது என்று முடிவு செய்தோம். பையில் எலுமிச்சம்பழச் சாதமும் தண்ணீரும் இருந்தன.

அந்தப் பக்கத்து ஊர்கள் எல்லாம் குளங்களின் குழந்தைகள். பொதிகை மலைத்தொடரில் பிறக்கும் கடனாநதியும் ராமநதியும் அடிவாரத்தைத் தொட்டதுமே அவற்றை மறித்து அணை கட்டியிருக்கிறார்கள். கடனாநதி அணை 85 அடி, ராமநதி அணை 84 அடி. ஆற்றுத் தண்ணீர் வாய்க்காலில் புகுந்து குளத்துக்கு வரும். குளம் பெருகினால் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகும். மேலூர்க்காரன் வயிறு நிறைந்த பிறகுதான் கீழூர்க்காரனுக்கு. தென்மேற்குச் சாரலை நம்பி ஆனியில் கார் சாகுபடி. வடகிழக்கு மழையை நம்பி ஐப்பசியில் பிசானம். மலை இந்தப் பக்கம் ஒரு கையாலும் அந்தப் பக்கம் ஒரு கையாலும் கொடுக்கிறது. நாங்கள் போனபோது பிசானப் பயிர் பச்சைப் பட்டாய்க் கிடந்தது. குளங்கள் தளும்பின. நெற்றியில் வெள்ளை நாமம் இட்ட கறுப்பு நாமக்கோழிகள் கூட்டம் கூட்டமாக மிதந்தன.

குளத்தங்கரையில் விறகுச் சுமையை இறக்கி வைத்து உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி எங்களைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க போறிய?"

"சிவசைலத்துக்குப் பாட்டி."

"பஸ்ஸைத் தவற விட்டுட்டியளா?"

"இல்லை, சும்மா நடக்கிறோம்."

"சும்மா நடக்கியளா?" பாட்டி எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள். "என்ன நேர்த்திக்கடனா?"

இவர் தப்பித்துக்கொள்ளப் பார்த்து, "ஆமா பாட்டி" என்று சொல்லிவிட்டார்.

"அப்பம் செருப்பைக் கழத்திட்டு நடங்க. சாமி காரியம்லா?"

கழற்றினோம். பாட்டியின் கண்ணுக்கு மறைகிற வரையில் சரளைக் கல்லில் வெறுங்காலோடு நடந்தோம். அப்படியும் அவள் விடவில்லை, பின்னாலிருந்து, "இருட்டுக்கு முந்தி ஊருக்குள்ள போயிருங்க, கரடி இறங்கும்!" என்று கத்தினாள். அது பரிகாசமில்லை. மலைக்காடு களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. அடிவாரத்து விவசாயிக்குப் பன்றியும் கரடியும் அண்டை வீட்டார்.

சிவசைலத்தில் சுவாமி மேற்கு நோக்கி, மலையைப் பார்த்து அமர்ந்திருக்கிறார். கருவறைப் பின்சுவரில் ஒரு துவாரம். அதன் வழியாகப் பார்த்தால் லிங்கத்தின் பின்புறத்தில் சடை போன்ற கோடுகள் தெரியும். பிரசாத மாலையில் முடி இருந்ததைக் கண்டு கோபித்த பாண்டியனிடம், சுவாமிக்கே சடை உண்டு என்று அர்ச்சகர் சொல்லிவிட்டாராம். அவரைக் காப்பாற்ற ஈசன் சடை முளைத்துக் காட்டினாராம். தரிசனம் முடித்து, நதிக்கரை மரத்தடியில் சாதத்தைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.

நடக்கிறவர்களுக்கு அந்தப் பூமியில் இரண்டு விதமான பாதைகள் உண்டு. ஒன்று வரப்பு. அதில் ஒருவர் பின்னால் ஒருவராகத்தான் போக முடியும். முன்னே போகிறவருடைய முதுகும், காலை எங்கே வைப்பது என்ற கவலையும்தான் நமக்குத் துணை. மற்றொன்று குளத்தின் கரை. வண்டி போகிற அகலம் இருக்கும். இருவர் தோளோடு தோள் உரச நடக்கலாம். ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் வயல், இரண்டுக்கும் நடுவில் பனைமர நிழல்.

காலையில் முதல் குளத்தைத் தாண்டுவதற்குள்ளேயே வீட்டுப் பேச்சு தீர்ந்து போயிருந்தது. காஸ் சிலிண்டர், மாமியாரின் மாத்திரை, பெண்ணின் விடுதிப் பணம் எல்லாம் ஒரு மணி நேரத்துச் சரக்குத்தான். பிறகு வெகுநேரம் பேச்சே இல்லை. பொட்டல்புதூருக்கு இப்பால் ஒரு பெரிய குளத்தின் கரையில் போய்க்கொண்டிருந்தபோது, இவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"போன மாசம் ஒருநாள் நான் ஆபீசுக்குப் போகலே. வழியிலேயே இறங்கித் தெப்பக்குளத்துப் படியிலே சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்."

எனக்குக் கால் நின்றுவிடப் பார்த்தது. நிற்காமல் நடந்தேன். நின்றால் பேச்சும் நின்றுவிடும் என்று ஏதோ ஒன்று எச்சரித்தது.

"என்கிட்டே வேலை கத்துக்கிட்ட பையன் எனக்கு மேலே போயிட்டான். அது பரவாயில்லே. காலையிலே அந்த மாடிப்படி ஏறும்போது நெஞ்சு கனக்குது. விட்டுடலாமான்னு ஆறு மாசமா யோசனை."

"ஏன் என்கிட்டே சொல்லலே?"

"வீட்டிலே எங்கே சொல்றது? நீ அடுப்பைப் பார்த்துக்கிட்டிருப்பே. நான் டி.வி.யைப் பார்த்துக்கிட்டிருப்பேன்."

இருபத்து மூன்று வருஷத் தாம்பத்தியத்தில் இவர் இவ்வளவு நீளமாகத் தம்மைப் பற்றிப் பேசியதில்லை. எதிரெதிரே உட்கார்ந்து பேசினால் முகம் குறுக்கே வந்துவிடுகிறது. முன்னும் பின்னுமாக நடந்தாலோ முதுகோடு பேச வேண்டும். பக்கத்தில் நடக்கிறபோது மட்டும் இருவர் கண்ணுக்கும் முன்னால் ஒரே பாதை கிடக்கிறது. வெட்கப்படுகிற விஷயத்தைக்கூடச் சொல்லிவிட முடிகிறது.

பொட்டல்புதூர்ப் பள்ளிவாசல் கல்தூண் மண்டபங்களோடு பார்வைக்குக் கோயில் போலவே இருக்கிறது. எல்லா மதத்தாரும் வந்து வேண்டிக்கொண்டு போகிறார்கள். அதன் நிழலில் சற்று இளைப்பாறி, கடையத்துக்குள் நுழைந்தோம்.

கடையம் செல்லம்மாளின் ஊர். 1897-இல் ஏழு வயதுப் பெண்ணாகப் பதினான்கு வயதுப் பாரதிக்கு வாழ்க்கைப்பட்டவள். பத்து வருஷப் புதுச்சேரி வாசத்துக்குப் பிறகு, 1918 கடைசியில் கடலூர்ச் சிறையிலிருந்து வெளிவந்த பாரதி இங்கேதான் வந்து 1920 வரை இருந்தார். மனைவியின் தோளில் கைபோட்டுக்கொண்டு அவர் தெருவில் நடந்ததையும், ஊர் கூடிச் சிரித்ததையும் எல்லாரும் சொல்வார்கள். 2022-இல் இருவருக்கும் சேர்த்து இங்கே சிலை வைத்திருக்கிறார்கள்.

"என்ன தைரியம் பாரதிக்கு!" என்றார் இவர்.

எனக்கு அந்தக் கையைவிடத் தோளைப் பற்றிய நினைவே அதிகம் வந்தது. அவர் எந்த ஊருக்கும் சொந்தக்காரர். அவளுக்கு இது பிறந்த ஊர். மறுநாள் விடிந்தால் அதே படித்துறை, அதே பெண்கள். சிரிப்பில் பெரிய பங்கு அவளுக்குத்தான் வந்து சேர்ந்திருக்கும். இருந்தும் தோளை விலக்கிக்கொள்ளாமல் நடந்திருக்கிறாளே! 1951-இல் திருச்சி வானொலியில் தன் கணவரைப் பற்றி நாடறியப் பேசியவளும் அவள்தான். அந்தத் தெருவில் நடந்தபோது அவர் பராசக்தியைப் பற்றி மட்டுமா பேசியிருப்பார்? கையில் காசில்லாததையும், எழுதியது அச்சேறாமல் கிடப்பதையும், மேலே என்ன செய்வது என்பதையும் சொல்லியிருப்பார். ஊருக்கு அது விளம்பரமாகத் தெரிந்தது. எனக்கு என்னவோ, மனபாரம் தாங்காத ஒரு மனிதர் சாய்ந்துகொள்ள இடம் தேடியதாகவும் தோன்றியது. இவரிடம் இதைச் சொன்னேன். பதில் பேசாமல் கூடவே நடந்தார்.

கீழக்கடையம் ஸ்டேஷனில் ரயிலுக்கு இன்னும் நேரமிருந்தது. சிமெண்டுப் பெஞ்சியில் உட்கார்ந்தோம்.

"நீ ஒண்ணும் சொல்லலியே?" என்றார்.

கைப்பையில் ஒரு பழைய கவர் இருந்தது, பேனாவும் இருந்தது. பெண்ணின் படிப்பு இன்னும் இரண்டு வருஷம். வீட்டுக் கடன் பதினான்கு மாதம். பிராவிடெண்டு பண்டு எவ்வளவு வரும் என்று அவர் சொல்ல, நான் எழுதினேன். என் புத்தகங்களிலிருந்து வருகிற தொகையையும் ஒரு வரியில் போட்டேன். அதைப் பார்த்து இவர் சிரித்தார்.

"கடன் தீர்றவரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்க. அப்புறம் விட்டுடலாம். நடுவிலே படி ஏற முடியாத நாள் வந்தா, தெப்பக்குளத்துக்குப் போகாதீங்க. வீட்டுக்கு வந்துடுங்க."

"பதினாலு மாசம்தானே" என்று அவர் கவரை வாங்கி, கூட்டல் சரிதானா என்று இன்னொரு தரம் பார்த்தார். தூரத்தில் ரயில் கூவியது.