விமான நிலையத்தில் 11 மணி நேரம்



விமானப் பயணம் துரைமார்களுக்கும் முதலாளிமார்களுக்கும் மட்டும் உரியது என்று நாம் நினைத்திருந்த காலம் ஒன்று உண்டு. இன்று பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளைகளும், செம்பனைக் குலை தள்ளியவர்களின் பேரப்பிள்ளைகளும் பணம் சேர்த்து, தாய் தந்தையரைத் தமிழ்நாட்டுக்கு அழைத்துச் செல்கிறார்கள். மகிழ்ச்சியான செய்திதான். ஆனால், மலிவான டிக்கெட் என்றால் நடுவில் ஒரு விமான நிலையத்தில் பல மணி நேரம் காத்திருக்க வேண்டி வருகிறது. "ஐயோ, அத்தனை நேரம் கிழவியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?" என்று பலர் பயணத்தையே தள்ளிப் போடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நம் பெற்றோர் காலத்துப் பயணத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். 1926ஆம் ஆண்டு கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பலை அறியாத தோட்டத்துக் குடும்பம் உண்டா? மேல்தளத்தில் பாயை விரித்து, தகரப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்து, ஏறக்குறைய ஒரு வாரம் கடலையே பார்த்துக்கொண்டு வந்தவர்கள் அல்லவா அவர்கள்? 1974இல் ரஜூலாவை உடைக்க விற்றுவிட்டார்கள். அதற்குப்பின் ஓடிய 'சிதம்பரம்' கப்பல் 1985இல் தீ விபத்துக்குள்ளானதோடு அந்தக் கடல் பயணமும் முடிந்தது. ஒரு வாரத்தைப் பொறுமையாகக் கழித்தவர்களுக்கு 11 மணி நேரம் பெரிதா?

2019ஆம் ஆண்டு ஜனவரி மாதம் என் தாயாரை அழைத்துக்கொண்டு பினாங்கிலிருந்து கோலாலம்பூர் வழியாகச் சென்னைக்குப் புறப்பட்டேன். அப்போது அம்மாவுக்கு 78 வயது. நாமக்கல் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருந்த தம் அக்காளைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. அக்காள் 1970ஆம் ஆண்டு கப்பலேறிப் போனவர். 49 ஆண்டுகளாக இருவரும் முகம் பார்க்கவில்லை. பெரியம்மாவுக்கு உடம்பு சுகமில்லை என்ற செய்தி வந்திருந்தது. என் தம்பி மகன் தேடிப்பிடித்து எடுத்துக் கொடுத்த டிக்கெட்டில், காலை பத்தரை மணிக்குச் சிப்பாங்கில் இறங்கி, இரவு ஒன்பதரைக்கு அடுத்த விமானம் ஏற வேண்டும்.

டிக்கெட் எடுத்தபோதே சக்கர நாற்காலி வேண்டும் என்று பதிந்துவிட்டோம். வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் இதை மறக்கவே கூடாது. அதனால் அம்மா நீண்ட நடைபாதைகளில் சிரமப்படவில்லை. இருந்தாலும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தால் கால் வீங்கிவிடும் என்று, மணிக்கு ஒரு தரம் அவரை எழுப்பி என் கையைப் பிடித்துக்கொண்டு சிறிது தூரம் நடக்க வைத்தேன்.

முதலில் அவரைக் கண்ணாடிச் சுவர் ஓரமாக உட்கார வைத்தேன். தூரத்தில் செம்பனை மரங்கள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. 1998ஆம் ஆண்டு ஜூன் மாதம் திறக்கப்பட்ட இந்த விமான நிலையத்துக்கென ஒதுக்கிய நிலம் ஏறக்குறைய 25,000 ஏக்கர். அதில் பெரும்பகுதி முன்பு தோட்டங்களாக இருந்ததுதான். இதைச் சொன்னதும் அம்மா, "அப்போ இங்கேயும் லயம் இருந்திருக்கும், கோயில் இருந்திருக்கும். அந்த ஜனங்கள்லாம் எங்கே போனாங்களோ!" என்றார். விமானங்களைப் பார்த்து வியப்பார் என்று நான் எண்ணியிருந்தேன். அவர் மனமோ மனிதர்களைத் தேடியது.

பிறகு பசியாறக் கீழே இறங்கினோம். மேல்தளக் கடைகளில் விலை அதிகம். விமான நிலைய ஊழியர்கள் எங்கே சாப்பிடுகிறார்கள் என்று துப்புரவு செய்த அம்மாள் ஒருவரிடம் கேட்டேன். கீழ்த்தளத்து உணவகத்தைக் காட்டினார். வீட்டிலிருந்து கொண்டு வந்த புளிச்சோற்றோடு, அங்கே வாங்கிய தே தண்ணீரும் சேர்ந்து மத்தியானப் பொழுது சிக்கனமாகக் கழிந்தது.

வருகைப் பகுதியைக் கடந்தபோதுதான் அந்தக் காட்சியைக் கண்டோம். வங்காளதேச இளைஞர்கள் இருபது, முப்பது பேர் ஒரே நிறத்தில் தொப்பி அணிந்து, தரையில் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு பை. அழைத்துப் போக வேண்டியவர் இன்னும் வரவில்லை போலும். அம்மா என்னை நிற்கச் சொன்னார். ஓரத்தில் இருந்த பையனிடம் மலாயில், "சுடா மாக்கான்?" என்று கேட்டார். அவனுக்கு மொழி விளங்கவில்லை. கையால் சாப்பிடுவதுபோல் காட்டியதும் தலையை ஆட்டிச் சிரித்தான். அம்மா பையிலிருந்த முறுக்குப் பொட்டலத்தை எடுத்து அவன் கையில் வைத்துவிட்டார்.

"எங்க அப்பா வந்தப்பவும் இப்படித்தான், பாப்பா. ஜெரெஜாக் தீவிலே இறக்கி, வியாதி இருக்கான்னு பார்த்து, வரிசையா உட்கார வச்சாங்களாம். யாரு கூட்டிட்டுப் போவாங்க, எந்தத் தோட்டம்னு ஒண்ணும் தெரியாது. கங்காணி வந்தாத்தான் தெரியும்."

என் தாத்தா 1930களில் மனைவியோடும் கைக்குழந்தையாக இருந்த பெரியம்மாவோடும் வந்தவர். அம்மா இங்கே பிறந்தவர். இந்தச் செய்தி எனக்குத் தெரியும். ஆனால் அதற்குப் பின்னால் இருந்த கதையை அன்று பிற்பகல்தான் முழுமையாகக் கேட்டேன்.

1960களின் இறுதியில், குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்வதற்கு அனுமதி பெற வேண்டும் என்று சட்டம் வந்தது உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். ஆயிரக்கணக்கானோர் ஊர் திரும்பினார்கள். அம்மாவிடம் நீல அடையாள அட்டை இருந்தது. இந்தியாவில் பிறந்த பெரியம்மாவிடமும் அவருடைய கணவரிடமும் இருந்தது சிவப்பு அட்டை. ஒரே லயத்தில், பக்கத்துப் பக்கத்து வீட்டில் வாழ்ந்து, பக்கத்துப் பக்கத்து நிரையில் மரம் வெட்டிய அக்காளும் தங்கையும் அந்த அட்டையின் நிறத்தால் பிரிந்தார்கள். பினாங்குத் துறைமுகத்தில் பெரியம்மா தம் பால் வெட்டும் கத்தியை அம்மாவிடம் கொடுத்து, "இனிமே எனக்கு இது எதுக்கு, நீ வச்சுக்க" என்றாராம். வேலையிலிருந்து ஓய்வு பெறும் வரை அம்மா பயன்படுத்திய கத்தி அதுதான். அந்தத் தேய்ந்த கத்தியை எங்கள் வீட்டுச் சமையலறைப் பரணில் பல தடவை பார்த்திருக்கிறேன். அது யாருடையது என்று அம்மா அதுவரை சொன்னதில்லை.

மாலை ஆனது. பயணப் பெட்டியை ஒப்படைக்கும் முன் எல்லாவற்றையும் ஒருமுறை சரிபார்த்தோம். ஊறுகாய், தைலம், தண்ணீர் போன்றவை 100 மில்லிலிட்டருக்கு மேல் இருந்தால் கைப்பையில் கொண்டுபோக விடமாட்டார்கள். ஆகவே பெரியம்மாவுக்கென வாங்கிய கோடாலித் தைலம், மைலோ, சம்பல் எல்லாம் பெரிய பெட்டிக்குள் போயின. மாத்திரைகளையும் ஒரு கம்பளிச் சட்டையையும் மட்டும் கைப்பையில் வைத்துக்கொண்டோம். தண்ணீர்ப் போத்தலைக் காலியாக எடுத்துச் சென்று, சோதனை முடிந்தபின் உள்ளே நிரப்பிக்கொண்டோம்.

குடிநுழைவுச் சோதனை முடிந்து, சிறு இரயிலில் ஏறி, ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில் உள்ள துணைக் கட்டடத்துக்குச் சென்றோம். அதன் நடுவில் ஒரு சிறு காட்டையே வளர்த்து வைத்திருக்கிறார்கள். காட்டுக்குள் விமான நிலையம், விமான நிலையத்துக்குள் காடு என்பது இதை வடிவமைத்த ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவாவின் எண்ணம். அம்மா மரங்களை ஒவ்வொன்றாக அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஒரு பால்மரம்கூடக் கண்ணுல படலியே!" என்று குறைப்பட்டார்.

"நேரம் போகலையாம்மா?" என்று கேட்டேன்.

"மரத்தை வெட்டிட்டா பால் வடியறதுக்கு ரெண்டு, மூணு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் பசியாறிட்டு, பேசிக்கிட்டு உட்கார்ந்திருப்போம். அவசரப்பட்டா மங்கு நிறைஞ்சிடுமா?" என்றார்.

மறுநாள் மாலை நாமக்கல் போய்ச் சேர்ந்தோம். பெரியம்மாவுக்குப் பார்வை மங்கியிருந்தது. தங்கையின் கையைப் பிடித்து, உள்ளங்கையில் கத்திக் காம்பு பட்டுக் காய்த்திருந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு கையை விடவேயில்லை. பன்னிரண்டு நாள்கள் இருவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசினார்கள். 2020ஆம் ஆண்டு நடுவில், நோய்த்தொற்றினால் நாட்டின் எல்லைகள் மூடிக் கிடந்த வேளையில், பெரியம்மா காலமானார். யாரும் போக முடியவில்லை. "நல்லவேளை, அன்னைக்கே போயிட்டு வந்தோம்" என்று சொல்லித்தான் அம்மா மனத்தைத் தேற்றிக்கொண்டார்.

ஆகவே வாசகர்களே, பார்க்க வேண்டிய உறவு ஒன்று கடலுக்கு அப்பால் இருந்தால், நடுவில் காத்திருக்க வேண்டுமே என்று அஞ்சிப் பயணத்தைத் தள்ளிப் போடாதீர்கள். சக்கர நாற்காலிக்குச் சொல்லி வையுங்கள். கட்டுச்சோறு கட்டிக்கொள்ளுங்கள். வாயில் எண் மாறக்கூடும் என்பதால் அறிவிப்புத் திரையை அடிக்கடி பாருங்கள். மற்ற நேரத்தில் கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டு, பக்கத்தில் இருக்கும் பெரியவரிடம், அவர் பிறந்த தோட்டத்தைப் பற்றி, கூடப் பிறந்தவர்களைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். வீட்டில் வேலைகளுக்கு நடுவே சொல்லாததை அங்கே சொல்லுவார்கள். அதைக் கேட்க 11 மணி நேரம் போதாது என்றுகூட உங்களுக்குத் தோன்றலாம்.