நன்மை வாங்காத ஞாயிறுகள்

இதை எழுதட்டுமா என்று அம்மாவைக் கேட்டேன். "எழுது. ஊர்ப் பேர மட்டும் போடாத" என்றது. அதனால் ஊர்ப் பேர் இதில் இல்லை. கடலூரிலிருந்து பண்ருட்டிக்குப் போகிற சாலையில், கெடிலத்துக்கும் தென்பெண்ணைக்கும் நடுவே ஒரு ஊர், அந்த ஊருக்குக் கிழக்கே ஒரு காலனி என்று வைத்துக்கொள்ளுங்கள். கத்தோலிக்கப் பங்கு. ஊர்த்தெருவிலும் கிறித்தவர்கள்தான், காலனியிலும் கிறித்தவர்கள்தான். கோயில் ஒன்று, சாமியார் ஒருவர், கல்லறை மட்டும் இரண்டு. இரண்டுக்கும் நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு சுவர்.

2005-ஆம் வருடத் தபசு காலம். சுனாமி வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. கடலோரத்துச் சனங்களுக்கு எங்கள் பங்கிலிருந்தும் அரிசி, போர்வை, பாத்திரம் என்று வண்டி வண்டியாகப் போனது. காலனியில் நாங்களும் வீட்டுக்கு ஒரு படி அரிசி கொடுத்தோம். நான் அப்போது பத்தாம் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் பிரசங்கம் வைத்தார். முதல் பாதி முழுக்க இரக்கம். கொடுத்தவர்களை எல்லாம் பாராட்டினார். பிறகு குரல் மாறியது. நம் பங்கில் சில பேர் ஞாயிற்றுக்கிழமை கிறித்தவர்கள், திங்கட்கிழமை தாலுகா ஆபீசில் இந்துக்கள், முப்பது வெள்ளிக்காசுக்கு ஆண்டவரை விற்றவனுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்றார். பேர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. ஊர்த்தெருக்காரர்கள் அத்தனை பேரும் திரும்பி எங்கள் பக்கம் பார்த்தார்கள்.

எனக்கு 'இந்து ஆதிதிராவிடர்' என்று அம்மா சர்டிபிகேட் வாங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கோயில் பதிவேட்டில் எனக்கு ஒரு புனிதையின் பேர். பள்ளிக்கூடப் பதிவேட்டில் ஒரு பூவின் பேர். எங்கள் காலனியில் பாதிப் பேருக்கு இப்படி இரண்டு பேர் உண்டு. வெளியாட்கள் கூப்பிடும்போது எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்களோ, அதை வைத்தே அவர் கோயிலிலிருந்து வருகிறாரா ஆபீசிலிருந்து வருகிறாரா என்று கண்டுபிடித்துவிடுவோம்.

அன்றைக்கு அம்மா நன்மை வாங்க எழுந்திருக்கவில்லை. நற்கருணையை எங்கள் பக்கம் நன்மை என்றுதான் சொல்வது. அடுத்த ஞாயிறும் போகவில்லை. பாஸ்குத் திருநாளுக்கும் வாங்கவில்லை. கோயிலுக்குத் தவறாமல் வரும், முழங்கால் போடும், மற்றவர்கள் வரிசையில் போகும்போது தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு அப்படியே இருக்கும். பதினோரு ஞாயிறு. நான் எண்ணிக்கொண்டு வந்தேன். "பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வாங்கிக்கயேம்மா" என்று ஆயா சொன்னது. "இன்னா பாவம்னு சொல்லட்டும்?" என்று அம்மா திருப்பிக் கேட்டது.

அந்தக் கேள்விக்கு என்னிடமும் ரொம்ப நாள் பதில் இல்லை. பிறகுதான் சட்டம் தெரிந்துகொண்டேன். 1950 ஆகஸ்ட் 10-ஆம் தேதி வெளிவந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியாக இருக்க முடியாது என்று வைத்தது. 1956-இல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள். 1990-இல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். கிறித்தவரும் முஸ்லிமும் வெளியில் நின்றார்கள். சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்த சூசை என்பவர், மற்ற செருப்புத் தொழிலாளர்களுக்கு அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை தனக்கு மட்டும் இல்லை என்று சொல்லப்பட்டதும் உச்சநீதிமன்றம் வரை போனார். 1985-இல் தீர்ப்பு வந்தது. மதம் மாறிய பிறகும் அதே அளவு கொடுமை புதிய மதத்திலும் தொடர்கிறது என்று நிரூபிக்கவில்லை என்று தள்ளிவிட்டார்கள். வெயிலில் உட்கார்ந்து செருப்புத் தைக்கிறவரிடம் நிரூபணம் கேட்டார்கள். தமிழ்நாட்டில் எங்களைப் பி.சி. பட்டியலில் வைத்திருக்கிறார்கள். ஆதிதிராவிடர் நலத்துறை உதவித்தொகை சிலவற்றை மாநில அரசு கிறித்தவர்களுக்கும் தருகிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கல்லூரி இடம், வேலை, தனித் தொகுதி, வன்கொடுமைச் சட்டம் என்று வரும்போது கிறித்தவர் என்று எழுதினால் கதவு மூடிக்கொள்கிறது. கூலி வேலைக்குப் போகிற ஒரு பொம்பளை தன் மகளுக்கு அந்தக் கதவைத் திறந்து வைத்தாள். அதுதான் முப்பது வெள்ளிக்காசு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் 10-ஐத் திருச்சபை கறுப்பு நாளாக அனுசரிக்கிறது. நானும் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு கடலூரில் ஊர்வலம் போயிருக்கிறேன். டெல்லிக்கு எழுதுகிற மனுவில், மதம் மாறியும் எங்கள் மக்களைச் சாதி விடவில்லை, சபைக்குள்ளும் தொடர்கிறது என்று இருக்கும். 2016-இல் இந்திய ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை ஆவணம்கூட அதை ஒப்புக்கொண்டது. ஊர்வலம் முடிந்து பங்குக்குத் திரும்பி வந்தால் அதே சாதி காணாமல் போய்விடும். "இங்க எல்லாரும் ஆண்டவரோட பிள்ளைங்க" என்பார்கள். சுவர் மட்டும் அங்கேயே நிற்கும்.

பதினோரு வாரத்துக்குப் பிறகு அம்மா தானாகவே போய் நன்மை வாங்கியது. பாவசங்கீர்த்தனம் பண்ணவில்லை. சாமியார் கொடுத்துவிட்டார். கொடுத்தாரே என்று எனக்கு அவர் மேல் மரியாதை உண்டு.

எம்.ஏ. தமிழ் படிக்கச் சிதம்பரம் போனேன். அந்தச் சர்டிபிகேட்டில்தான் இடம் கிடைத்தது. சிதம்பரத்தில் இருந்துகொண்டு நந்தனை நினைக்காமல் இருக்க முடியாது. நெருப்பில் இறங்கிக் குளித்து, பார்ப்பான் உருவமாக எழுந்த பிறகுதான் அவன் உள்ளே போக முடிந்தது. அதற்குப் பேர் அருள். இறங்கச் சொன்னவர்களைப் பற்றி யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. அதே ஊரில் நந்தனார் பேரால் எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கிய சுவாமி சகஜானந்தர் சின்னப் பையனாக ஒரு மிஷன் பள்ளியில் படித்தவர். மதம் மாறச் சொன்னபோது மறுத்தார், அத்தோடு அந்தப் படிப்பு போயிற்று என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். அங்கே நெருப்பு, இங்கே ஞானஸ்நானத் தண்ணீர். இரக்கம் காட்டியவர்கள் இரண்டு இடத்திலும் வாசலில் ஒரு நிபந்தனையை வைத்திருந்தார்கள். மதம் மாறிய என் முன்னோர்களுக்கு இதனால் நான் பழி சொல்லவில்லை. அவர்கள் ஒரு பஞ்சத்தில் கஞ்சி கொடுத்த கையைப் பிடித்தார்கள், அவ்வளவுதான்.

வகுப்பில் திருக்குறள் மொழிபெயர்ப்புகளைப் பற்றிப் பாடம் வந்தது. ஜெர்மனில் குறளை மொழிபெயர்த்தவர் கார்ல் கிரவுல், 1856. தேர்வுக்கு மனப்பாடம் பண்ணினேன். ஐந்து மதிப்பெண். நூலகத்தில் வேறு எதையோ தேடியபோதுதான் அந்தக் கிரவுலின் இன்னொரு முகம் கிடைத்தது. அவர் லைப்சிக் லுத்தரன் மிஷனின் இயக்குநர். 1849-லிருந்து 1853 வரை இந்தப் பயணத்திலேயே கழித்தவர். 1850-இல் சென்னை மிஷனரி மாநாட்டில் மற்ற மிஷன்களெல்லாம் சபைக்குள் சாதி கூடாது என்று தீர்மானித்தபோது லைப்சிக் மிஷன் மட்டும் சேரவில்லை. சாதி என்பது சமூக வழக்கம், மெதுவாகத்தான் மாறும், பொறுமையாக இருக்க வேண்டும் என்பது கிரவுலின் கட்சி. பிறப்பொக்கும் என்ற குறளை மொழிபெயர்த்தவர்தான் இப்படியும் வாதாடினார். எங்கள் பாடத்தில் இது இல்லை.

அவர் மிஷனிலேயே இருந்த ஓக்ஸ் என்ற பாதிரியார் அதை எதிர்த்தார். சாதியைச் சபைக்குள் அனுமதிப்பது தவறு என்று நின்றார். கடைசியில் அந்த மிஷனோடு உறவு முறிந்தது. பிறகு 1860-களில் டேனிஷ் மிஷனின் ஆதரவோடு அவர் வேலை தொடங்கிய இடம் மேல்பட்டாம்பாக்கம். பெத்தானியா என்று பேர் வைத்தார். எங்கள் பஸ் தினமும் நிற்கிற ஊர்! நெல்லிக்குப்பம் தாண்டியதும் வருமே, அது. இன்றைக்குக் கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபை அந்த வழியில் வந்ததுதான். ஓக்ஸை நான் தலையில் தூக்கிவைத்து ஆடவில்லை. வெள்ளைக்காரப் பாதிரி, அவருக்கும் அவர் கணக்குகள் இருந்திருக்கும். அந்தச் சபைக்குள் பிறகு சாதி நுழையவில்லை என்று சொல்லவும் எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் ஒரு விஷயம். சாதி பார்க்கிறவனைப் பார்த்து "நீ செய்வது தவறு" என்று சொல்ல ஒரு பாதிரியால் முடிந்திருக்கிறது, அதற்காக இருந்த இடத்தை இழக்கவும் முடிந்திருக்கிறது, அதுவும் எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே. நூலகத்தில் உட்கார்ந்து எனக்கு அம்மாவின் பதினோரு ஞாயிறு ஞாபகம் வந்தது.

2015 நவம்பர். கடலூர் மாவட்டத்தில் மழை என்ன செய்தது என்று எல்லோருக்கும் தெரியும். பண்ருட்டிப் பக்கம் பெரியகாட்டுப்பாளையத்தில் வெள்ளம் வீடுகளோடு ஆட்களை அடித்துக்கொண்டு போனது. எங்கள் காலனியிலும் இடுப்பளவு தண்ணீர். கோயில் மண்டபத்தைத் திறந்துவிட்டார்கள். காலை உப்புமா, மதியம் சாம்பார் சாதம், பாய், போர்வை. சாமியார் (இவர் வேறு ஒருவர், இளைஞர்) பேண்டை மடித்துக்கொண்டு அவரே வாளி தூக்கிப் பரிமாறினார். அந்த மண்டபத்தில் ஐந்தாம் நாள் ஆயா செத்துப்போனது. காய்ச்சல், வயசு.

எங்கள் கல்லறை பள்ளத்தில் இருக்கிறது. தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறியது. சுவருக்கு அந்தப் பக்கம் மேடு. அங்கே புதைக்க அனுமதி கேட்டோம். ஒரே ஒரு குழி. பங்குப் பேரவைக்காரர்கள் மண்டப வாசலிலேயே நின்று முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சாமியார் எங்களைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் கண் கலங்கியிருந்தது, அது பொய்யில்லை. "பொறுத்துப் போங்கம்மா. அவங்க மனசும் புண்படக் கூடாது பாருங்க. ஒருத்தரத் தீர்ப்பிட நாம யாரு?" என்றார்.

அம்மா அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தது.

"அன்னிக்கு எங்களத் தீர்ப்பிட்டீங்களே சாமி. நீங்க இல்ல, ஒங்களுக்கு முன்ன இருந்தவரு. கோயிலு தீர்ப்பிட்டுச்சே. ஒரு சர்டிபிகேட்டுக்கு. பொணத்துக்கு எடம் இல்லன்றவங்களுக்கு மட்டும் தீர்ப்பே கெடையாதா?"

அவர் பதில் சொல்லவில்லை. குழியில் தண்ணீர் இறைக்க மோட்டாருக்குப் பணம் கொடுத்தார். அங்கியோடு சேற்றில் முழங்கால் வரை இறங்கி நின்று மந்திரம் சொன்னார். மோட்டார் ஒரு பக்கம் இறைக்க, மூன்று அண்ணன்மார் குடத்தால் மொள்ள, பெட்டி மிதக்காமல் இருக்க மேலே கல் வைத்து ஆயாவைப் புதைத்தோம். அவர் நல்ல மனுசன் என்று இன்றைக்கும் சொல்வேன். நல்ல மனுசர்களால்தான் அந்தச் சுவர் இத்தனை வருடம் நிற்கிறது என்றும் சொல்வேன். இரக்கம் அவரிடம் நிறையவே இருந்தது. எங்களுக்குச் சோறாகவும் போர்வையாகவும் வந்தது. ஊர்த்தெருவுக்கு அது மன்னிப்பாகப் போனது, அவர்கள் கேட்காமலேயே. தீர்ப்பு மட்டும் எப்போதும் கிழக்குப் பக்கம் இறங்கியது, காலனிக்கு.

இது ஒரு ஊரின் கதை என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்துக்குள்தான் எறையூர் இருக்கிறது. தேர், பாடை, பாதை என்று எல்லாவற்றிலும் ஒதுக்கப்பட்ட தலித் கிறித்தவர்கள் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச்சில் அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் சாதிக் கிறித்தவர் இரண்டு பேர் செத்தார்கள். அதற்கு நாலு வருடத்துக்கும் முன்பே, 2003 நவம்பரில், போப் இரண்டாம் ஜான் பால் தமிழக ஆயர்களையே நேரில் வைத்துக்கொண்டு சபைக்குள் சாதி கூடாது என்று பேசியிருந்தார். ரோமில் சொல்ல முடிந்ததை எங்கள் பீடத்தில் நின்று ஊர்த்தெருவின் முகத்துக்கு நேராக ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

நீதிமன்றத்திலும் இதே கணக்குதான். 2024 நவம்பர் 26, அரசியல் சாசன நாள். புதுச்சேரிப் பெண் ஒருவர் எழுத்தர் வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்ட வழக்கில், சலுகைக்காக மதத்தை மாற்றிச் சொல்வது அரசியல் சாசனத்தின் மீதான மோசடி என்று உச்சநீதிமன்றம் சொன்னது. அவருக்கு எதிராக நின்ற சாட்சிகளில் ஞானஸ்நானமும் கோயிலுக்குப் போய்வந்ததும் அடக்கம். சாமியார் சொன்ன முப்பது வெள்ளிக்காசும் நீதிபதி சொன்ன மோசடியும் எனக்கு ஒரே குரலாகத்தான் கேட்டன. இந்தப் பிரச்சினையை ஆராய 2022-இல் ஒன்றிய அரசு கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் போட்டது. இரண்டு வருடம் என்றார்கள், பிறகு நீட்டித்தார்கள். இதற்கு முன் 2007-இலேயே ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்த மூன்றாம் பத்தியை நீக்கச் சொல்லிவிட்டது. ஆணையம் போடுவதும் ஒரு வகை இரக்கம்தான் போலிருக்கிறது.

சுவரை இடிக்கச் சொல்லி மனு ஒன்று எழுதினோம். நான்தான் எழுதினேன், எம்.ஏ. தமிழ் அதற்காவது ஆகட்டும் என்று. காலனியில் வீடு வீடாகப் போனோம். பதினாலு பேர் கையெழுத்துப் போடவில்லை. பயம் சுவர்க்காரர்களைப் பார்த்து இல்லை. கோயில் மனுவில் கிறித்தவர் என்று கையெழுத்துப் போட்டால், நாளைக்கு யாராவது அதை எடுத்துக்கொண்டு போய்த் தாலுகா ஆபீசில் கொடுத்தால், பிள்ளையின் சர்டிபிகேட் போய்விடும். ஒரு அண்ணன் பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தார். பிறகு, "எம் மொவன் இப்பதான் போலீசு செலக்‌ஷன்ல இருக்கான் தங்கச்சி" என்று திருப்பிக் கொடுத்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் அதே சர்டிபிகேட்தான்.

கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்தேன். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மனுவை முழுக்கப் படித்தது. பேனாவை எடுத்து, "எந்தப் பேரப் போடட்டும்?" என்று கேட்டது.