பணிமனையும் கல்லூரியும்

அமெரிக்க நாட்டின் ஓஹையோ மாநிலத்தில் டேட்டன் என்பது ஓர் ஊர். அவ்வூரில் சைக்கிள் விற்றும் பழுது பார்த்தும் வாழ்ந்த ரைட் சகோதரர்கள் வானிற் பறக்க முயன்ற வரலாற்றை அறியாதார் இலர். 1903-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17-ஆம் நாள் அவர்களுடைய விமானம் கிட்டி ஹாக் மணற்பரப்பை விட்டு மேலெழுந்தது. ஆயின், அதனை மேலெழச் செய்த எஞ்சினைத் தம் கையாற் செய்தவர் யாவர் என வினவினால் விடை கூறுவோர் சிலரே. அவர் பெயர் சார்லஸ் டெய்லர்.

டெய்லர் ஏழாம் வகுப்பிற்கு மேற் பயின்றவரல்லர். பன்னிரண்டு வயதளவிற் பள்ளியை விட்டு வேலைக்குப் புகுந்தவர். எஞ்சினுக்கு முறையான வரைபடம் எதுவும் இருக்கவில்லை. மூவருள் ஒருவர் தாள் துண்டு ஒன்றில் ஓர் உறுப்பின் உருவைக் கிறுக்குவார். டெய்லர் அத்தாளைப் பணிமேடைக்கு மேலே குத்தி வைத்துக்கொண்டு அவ்வுறுப்பைச் செய்து முடிப்பார். கடைசற்பொறி ஒன்று, துளையிடும் பொறி ஒன்று ஆகிய இவையே அப்பட்டறையிலிருந்த பெரிய பொறிகள். தடித்த எஃகுப் பலகையிலே துளைமேல் துளையிட்டு, வேண்டாத பகுதியை உளியாற் பெயர்த்தெறிந்து, எஞ்சியதைக் கடைந்து எஞ்சினின் கிராங்க் தண்டை உருவாக்கினார். நான்கு சிலிண்டர்களும் ஏறத்தாழ 12 குதிரைத்திறனும் கொண்ட அவ்வெஞ்சின் ஆறே வாரத்தில் முடிந்தது. கைத்திறனுக்கு இதனினும் சிறந்த சான்று தேடவேண்டுவதில்லை.

டெய்லர் 1956-இல் காலமானார். அவர் பிறந்த நாளாகிய மே 24, இன்று அமெரிக்காவில் விமானப் பராமரிப்பாளர் நாளாகக் கொண்டாடப்பெறுகின்றது. ஆயினும் ஒரு வியப்பு உண்டு. அப்பெருந்தச்சரே இன்று மீண்டும் வந்து ஒரு விமானத்தைச் செப்பனிட்டாலும், அது பறக்கத் தக்கது என்று பதிவேட்டிற் கையெழுத்திட அவருக்கு உரிமை இராது. உரிய தேர்வுகளை எழுதிச் சான்றிதழ் பெற்ற பின்னரே அவ்வுரிமை வரும்.

அச்சான்றிதழை வழங்குவது அந்நாட்டு மத்திய விமானத்துறை ஆட்சியகம். விமானத்தின் உடற்பகுதிக்கு ஒன்றும் எஞ்சின் பகுதிக்கு ஒன்றுமாகத் தகுதிகள் இரண்டு. அவற்றைப் பெற விரும்புவோர்க்கு 18 வயது நிரம்பியிருத்தல் வேண்டும். ஆங்கிலத்தைப் படிக்கவும் எழுதவும் பேசவும் அறிந்துகொள்ளவும் வல்லவராதல் வேண்டும். இரண்டு தகுதிகளையும் ஒருங்கே பெறுவதற்கு 30 மாதத் தொழில் அனுபவம் வேண்டும். அன்றேல் ஆட்சியகம் ஒப்புக்கொண்ட பள்ளியொன்றிற் பயின்று தேறியிருத்தல் வேண்டும். இத்தகைய பள்ளிகளில் 1,900 மணி நேரத்திற்குக் குறையாமற் கற்பித்தல் வேண்டும் என்னும் விதி 2022-ஆம் ஆண்டு வரை இருந்தது. அவ்வாண்டில் அஃது மாற்றப்பெற்றது. இப்பொழுது, மாணவன் எத்தனை மணி அமர்ந்திருந்தான் என்பது அன்று, எதனைச் செய்ய வல்லன் என்பதே கணக்கு. இம்மாற்றம் நன்றே. இருக்கையில் அமர்ந்திருத்தலும் கற்றலும் ஒன்றல்ல என்பதை ஆசிரியர் எவரும் அறிவர்.

இனி, 'கைத்தொழில்தானே! இதற்குக் கல்லூரிப் படிப்பு எதற்கு?' என்று கேட்பார் உளர். ஒரு நிகழ்ச்சியை நோக்கினால் விடை விளங்கும். 1988-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள், ஹவாய்த் தீவுகளுக்கிடையே 24,000 அடி உயரத்திற் பறந்துகொண்டிருந்த போயிங் 737 விமானம் ஒன்றின் மேற்கூரை, முன்பகுதியிலே ஏறத்தாழ 18 அடி நீளத்திற்குப் பிய்ந்து போயிற்று. பணிப்பெண் ஒருவர் காற்றால் ஈர்த்தெறியப்பட்டு மாண்டார். விமானிகளின் திறத்தால் விமானம் மாவி தீவில் இறங்க, ஏனைய 94 பேரும் உயிர் பிழைத்தனர். அவ்விமானத்தின் வயது 19. அஃது ஏறி இறங்கிய முறையோ 89,000-க்கு மேல். ஒவ்வொரு முறை ஏறும்பொழுதும் உள்ளிருக்கும் காற்றின் அழுத்தத்தால் விமானத்தின் உடல் சிறிது விம்மும், இறங்கும்பொழுது தணியும். கடற்காற்றின் உப்பு தகடுகளின் இணைப்பை அரித்தது. இணைப்பின் ஒட்டுப்பசை விட்டுப்போகவே, சுமை முழுதும் ரிவெட் ஆணிகளின் மேல் விழுந்தது. அவ்வாணித் துளைகளின் விளிம்பிலே மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றி, ஒன்றோடொன்று கூடின. பராமரிப்புச் சோதனைகளில் அவ்வெடிப்புகள் கண்டறியப்படவில்லை. அன்று விமானத்தில் ஏறிய பயணி ஒருவர் கதவருகே ஒரு வெடிப்பைக் கண்டாராம். கண்டும் எவரிடமும் சொல்லாது உள்ளே சென்று அமர்ந்தாராம்!

கண்ணுக்குத் தெரிவதும் அறிவுக்குத் தெரிவதும் வேறு வேறு. உலோகம் ஏன் களைப்புறுகின்றது, எந்த இடத்திற் களைப்புறும் என்பதை அறிந்தவனுக்கே அச்சிறு கோடு அச்சம் தரும். ஆகவே இத்தொழிலுக்குக் கணக்கும் பௌதிகமும் வேண்டும். தான் கண்டதை மற்றொருவர் ஐயமின்றி அறியுமாறு நான்கு வரியில் எழுதத் தெரிதலும் வேண்டும். இவற்றையெல்லாம் முறையாகக் கற்கும் இடம் கல்லூரியே.

ஆனால், அமெரிக்க நாட்டிற் கல்லூரிக் கல்வி எளிதிற் கைக்கு எட்டுவதன்று. அந்நாட்டு மாணவரும் முன்னாள் மாணவரும் கல்விக்காகப் பட்டிருக்கும் கடன் 1.6 லட்சம் கோடி டாலருக்கு மேற்பட்டது. பதினெட்டு வயதிற் கடனில் இறங்கி, நாற்பது வயதிலும் கரையேறாதார் உண்டு. வேலைக்குப் போவதா, கடன்பட்டுப் படிப்பதா என்று தொழில்நாட்டமுள்ள சிறுவன் கலங்குதல் இயல்பே.

இக்கலக்கத்திற்கு ஒரு வழி செய்திருக்கும் மாநிலங்களுள் வாஷிங்டன் ஒன்று. அம்மாநிலத்தில் சியாட்டிலுக்கு வடக்கே எவெரெட் என்னும் நகர் உளது. போயிங் நிறுவனத்தின் மிகப்பெரிய தொழிற்சாலை அங்கே இருக்கின்றது. உள்ளளவினால் உலகிலேயே பெரிய கட்டடம் அதுவே என்பர். 747 என்னும் பெருவிமானங்கள் 1,574-உம் அவ்விடத்திலேயே உருவாயின. 2022 டிசம்பரில் அவற்றுள் இறுதியானது வெளிவந்தது. தொழிற்சாலையை அடுத்த பெயின் விமானத்தளத்தில், எவெரெட் சமுதாயக் கல்லூரி விமானப் பராமரிப்புப் பயிற்சியை நடத்துகின்றது.

அந்நகரில், தச்சர் ஒருவருக்கு மகனாக, பதினாறு வயதுடைய மாணவன் ஒருவனை நம் மனக்கண்முன் நிறுத்திப் பார்ப்போம். வீட்டிலுள்ள புல்வெட்டும் பொறியை மும்முறை கழற்றி மும்முறையும் பூட்டியவன். மூன்றாம் முறை ஓர் ஆணியும் மிஞ்சவில்லை. அவன் தந்தையாரிடம் கல்லூரிக்குக் கட்டப் பணம் இல்லை. ஆயினும் அவன் கல்லூரியிற் சேரலாம். 1990-ஆம் ஆண்டு அம்மாநிலச் சட்டமன்றம் இயற்றிய 'ரன்னிங் ஸ்டார்ட்' என்னும் ஏற்பாட்டின்படி, பதினொன்றாம் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் சமுதாயக் கல்லூரிகளில் கற்பிப்புக் கட்டணம் செலுத்தாமற் பயிலலாம். கற்ற பாடம் பள்ளிக் கணக்கிலும் சேரும். கல்லூரிக் கணக்கிலும் சேரும். ஒரே விதைப்பில் இரு விளைவு என்று இதனைக் கூறலாம்.

கணக்கு எவ்வாறெனின், கல்லூரிப் படிப்பை அந்நாட்டார் 'கிரெடிட்' என்னும் பாட அலகுகளால் அளக்கின்றனர். ஆண்டைக் காற்பருவங்களாகப் பகுக்கும் வாஷிங்டன் கல்லூரிகளில், ஈராண்டுப் பட்டயத்திற்கு 90 அலகும், நான்காண்டுப் பட்டத்திற்கு 180 அலகும் வேண்டும். கல்லூரியிற் பெறும் 5 அலகு பள்ளியின் 1 அலகுக்கு ஈடாகும். நம் மாணவன் ஆங்கிலக் கட்டுரைப் பாடம் ஒன்றையும் கணக்குப் பாடம் ஒன்றையும் ஒரு பருவத்திற் கற்றுத் தேறினால் 10 அலகு அவன் பெயரிற் சேர்ந்துவிடும். கல்லூரி இடம் தருமாயின் தொழிற்பாடங்களையும் அவ்வாறே தொடங்கலாம்.

மற்றொரு வழியும் உண்டு. கல்லூரிக்குச் செல்லாமலே, தானாகப் பயின்று தேர்வெழுதி அலகு பெறுவது அது. 1967 முதல் நடைபெறும் 'கிளெப்' என்னும் அத்தேர்வுகள் முப்பதுக்கு மேற்பட்ட பாடங்களில் உள்ளன. பெரும்பாலானவற்றிற்குத் தேர்வு நேரம் 90 நிமிடம். 20 முதல் 80 வரையிலான மதிப்பில் 50 பெற்றவர்க்கு அலகு தரலாம் என்பது பரிந்துரை. தேர்வுக் கட்டணம் 100 டாலரை ஒட்டியது. அதுவும் இயலாதவர்க்கு, மாடர்ன் ஸ்டேட்ஸ் என்னும் அறநிறுவனம் பாடத்தை இணையவழியே இலவசமாகக் கற்பித்து, முடித்தவர்க்குக் கட்டணச் சீட்டும் தந்துவருகின்றது.

இலவசம் என்னும் சொல் காதில் விழுந்ததும் ஆராய்ச்சியைக் கைவிடுவது மக்கள் இயல்பு. ஆராயவேண்டியவை இங்கே பல. கற்பிப்புக் கட்டணம் இல்லையெனினும், புத்தகச் செலவும் போக்குவரத்துச் செலவும் மாணவனைச் சார்ந்தவை. குடும்ப வருவாய் குறைந்தோர் உதவி வேண்டிக் கேட்கலாம். கேளாதவரைத் தேடி உதவி வருவதில்லை. தொழிற்பாடத்திற்கோ ஸ்பானர், குறடு, அளவுகோல் முதலிய கைக்கருவிகளைப் பெரும்பாலும் மாணவனே வாங்குதல் வேண்டும். அச்செலவு சிறிதன்று.

அதனினும் கவலைக்குரியது மற்றொன்று. ஒரு கல்லூரி தந்த அலகை மற்றொரு கல்லூரி ஏற்றே தீரவேண்டும் என்பதில்லை. கிளெப் தேர்வை ஏற்கும் கல்லூரிகளும் ஒரே வகையாக ஏற்பதில்லை. ஒன்று 50 போதும் என்னும். மற்றொன்று அதற்கு மேல் கேட்கும். வேறொன்று அப்பாடத்தையே ஏலாது. தொழிற்பாட அலகுகள் பட்டப்படிப்பிற்கு மாறும்பொழுது பாதி வழியில் நின்றுவிடுதலும் உண்டு. ஐந்தாறு தேர்வுகளை ஆர்வத்தோடு எழுதிய பின்னர், தான் சேரவிருக்கும் கல்லூரிக்கு அவற்றுள் ஒன்றே பயன்படும் என அறிவானாயின் அச்சிறுவன் உள்ளம் என்ன பாடுபடும்! ஆதலின், முடிவாக எந்தப் பட்டத்தை எங்கே பெறக் கருதுகிறானோ அங்கே முதலிற் கேட்டு, விடையை எழுத்தில் வாங்கிக்கொண்டு, அதன் பின்னரே பாடத்தைத் தேர்தல் வேண்டும். சுவரை எழுப்பிய பின் அடித்தளத்தை அளப்பார் உண்டோ?

பதினாறு வயதிற் பெற்ற கல்லூரி மதிப்பெண் அழியாது என்பதும் அவன் அறியவேண்டுவது. பள்ளியிற் சறுக்கினால் அடுத்த ஆண்டு நிமிரலாம். கல்லூரிப் பதிவிலோ, அவன் சோம்பியிருந்த ஒரு பருவம் பின்னாள் வரை தொடர்ந்து வந்து, உதவித்தொகை கேட்கும் நாளில் எதிரே நிற்கும். விளையாட்டுப் பருவத்தில் இச்சுமை தகுமா என்று கேட்பாரை முற்றும் மறுத்தற்கில்லை. எல்லாச் சிறுவர்க்கும் இவ்வழி பொருந்தாது. ஒரு பாடத்தோடு தொடங்கிப் பார்ப்பதே நன்று.

கல்லூரிப் பாடத்தைத் தேர்வெழுதிக் குறுக்கலாம். கொட்டகைப் பாடத்தைக் குறுக்க இயலாது. விமானக் கொட்டகையில் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் இடம் உண்டு. கருவியின் உருவமே பலகையில் வரையப்பட்டிருக்கும். மாலையில் ஓர் உருவம் வெறுமையாகக் கிடந்தால், அக்கருவி கிடைக்குமளவும் எவரும் வீடு திரும்புதற்கில்லை. எஞ்சினுக்குள் மறந்து வைத்த ஸ்பானர் ஓர் உயிர்ப்பகை அன்றோ? முதல் வாரங்களில் மாணவன் கற்கும் வேலைகளுள் ஒன்று பாதுகாப்புக் கம்பி கட்டுதல். ஆணித்தலைகளிலுள்ள சிறு துளைகளில் மெல்லிய கம்பியைக் கோத்து முறுக்கி, ஓர் ஆணி தளர முயன்றால் கம்பி மற்றோர் ஆணியை இறுக்குமாறு கட்டுவர். 0.032 அங்குலக் கம்பியாயின் அங்குலத்திற்கு ஆறு முதல் எட்டு முறுக்கு இருத்தல் வேண்டும். குறைந்தால் தளரும்; மிகுந்தால் கம்பி நொய்ந்து அறும். பார்வைக்கு எளிய வேலை. பழகாத கை கட்டிய கம்பியை ஆசிரியர் வெட்டி எறிந்து, மீண்டும் கட்டுக என்பார். கிளெப் தேர்வில் அறுபது பெற்றவனுக்கும் அங்கே சலுகை இல்லை.

இவ்வாறு இரண்டாண்டு பள்ளியும் கல்லூரியுமாக உழைத்த மாணவன், பதினெட்டு வயது நிரம்புகையில் பொதுப்பாட அலகுகளைப் பெரும்பாலும் முடித்திருப்பான். எஞ்சிய தொழிற்பாடங்களுக்கே அவன் பணம் தேடவேண்டும். அதனைப் பகுதிநேர வேலையாலும் உதவித்தொகையாலும் ஒருவாறு ஈட்டலாம். பின்பு எழுத்துத் தேர்வு மூன்று, வாய்மொழித் தேர்வு, செய்முறைத் தேர்வு. சான்றிதழ் கைக்கு வந்ததும் ஊதியம் பெறலாம். எம்ப்ரி-ரிடில் போன்ற பல்கலைக்கழகங்கள் அச்சான்றிதழுக்கே அலகுகள் தருகின்றன. பட்டம் வேண்டுமாயின் வேலை பார்த்துக்கொண்டே அதனை முடிக்கலாம்.

செய்முறைத் தேர்வு முடிந்து சில திங்கள் கழிந்தபின், அம்மாணவன் முதன்முதலாகத் தன் பொறுப்பில் ஒரு வேலையை முடித்து விமானத்தின் பதிவேட்டைத் திறக்கிறான். நாளை எழுதுகிறான். செய்த வேலையை, கட்டுரைப் பாடத்திற் கற்றவாறு, வேண்டாத சொல் ஒன்றும் இன்றி எழுதுகிறான். சான்றிதழ் எண்ணைக் குறிக்கிறான். கையெழுத்திடு முன் பேனாவை வைத்துவிட்டு, கைவிளக்கை எடுத்துக்கொண்டு, தான் கட்டிய கம்பியை இன்னொரு முறை பார்த்துவரச் செல்கிறான்.