"பிங் போகுதே சார்!"

கணினித் துறையில் இருந்தவர்கள் ‘பிங்’ கட்டளையை மறக்க மாட்டார்கள். கறுப்புத் திரையில் பிங் என்று தட்டி, எதிர்முனைக் கணினியின் முகவரியைக் கொடுத்தால் ஒரு சிறு பாக்கெட் போகும். பதில் வந்தால் லைனுக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம். 1983 டிசம்பரில் அமெரிக்காவில் மைக் மூஸ் என்பவர் எழுதிய நிரல் இது. சோனார் கருவியின் ஒலியை நினைத்து அந்தப் பெயரை வைத்தார்.

ஆனால் அந்தப் பதிலை அப்படியே நம்பிவிட முடியாது. நாம் அளவு சொல்லாவிட்டால், விண்டோஸில் பிங் அனுப்புவது வெறும் 32 பைட், லினக்ஸில் 56. சந்துக்குள் சைக்கிள் போய்விட்டது என்பதற்காக லாரியும் போகும் என்று சொல்ல முடியுமா?

நான் ஒரு நிறுவனத்தின் நெட்வொர்க் பிரிவில் இருந்தபோது நடந்தது இது. ஒரு கிளையிலிருந்து மாதக் கடைசியில் சம்பளப் பட்டியல் வந்து சேரவில்லை. லாகின் ஆகிறது, ஃபைலை அனுப்பினால் நின்றுவிடுகிறது. லைன் கொடுத்தவர்களோ, "பிங் போகுதே சார், லைன் நல்லாத்தான் இருக்கு" என்றார்கள். கிளையில் எல்லோருக்கும் சம்பளம் தள்ளிப் போனது. பழி, பட்டியல் அனுப்பும் பெண்மணி மேல் விழுந்தது. மெமோ கொடுப்பதாகக்கூடப் பேச்சு.

அவரைப் போனில் பிடித்தேன். விண்டோஸில் பிங்குடன் ‘எல்’ சேர்த்தால் பாக்கெட்டின் அளவைச் சொல்லலாம். ‘எஃப்’ சேர்த்தால் வழியில் உடைக்காதே என்று உத்தரவு. ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் 1500 பைட் வரை இருக்கலாம். தலைப்புகளுக்கு 28 கழித்தால் 1472.

"1472 போடுங்கம்மா."

"பதிலே இல்ல சார்."

"1400?"

"வருது சார்!"

வழியில் ஒரு ரவுட்டர் தாண்டவிடும் அளவு குறைவு. ‘பெரிதாக இருக்கிறது, சிறிதாக்கி அனுப்பு’ என்று அது திருப்பிச் சொன்ன செய்தியை இடையிலிருந்த ஃபயர்வால் தடுத்துவிட்டது. விஷயம் தெரியாத கணினி, அதே பெரிய பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தது. லாகின் பாக்கெட்டுகள் சிறியவை என்பதால் தாண்டிவிட்டன.

இரண்டு எண்களையும் தாளில் எழுதி மேலதிகாரி முன் வைத்தேன். ஃபயர்வாலைச் சரிசெய்ததும் அன்று மாலையே பட்டியல் வந்தது. மெமோ பேச்சு அதோடு அடங்கியது.

உங்கள் வீட்டிலும் சில தளங்கள் மட்டும் திறக்காமல் தொங்கினால், காரணம் இதுவாகவும் இருக்கலாம். "லைன் சரியா இருக்கு" என்று யாராவது சொன்னால், "எத்தனை பைட்டில் பார்த்தீங்க?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.