பில் இல்லாத கைவேலை

கோவை ஆவாரம்பாளையத்தில் தெருவுக்குத் தெரு லேத் ஓடும். பம்ப்செட் பாகம், மோட்டார் ஷாஃப்ட் என்று எதையாவது கடைந்துகொண்டே இருக்கும் பகுதி அது. அந்தச் சத்தத்துக்கு நடுவே, கார்களுக்கு ரிம்மும் சஸ்பென்ஷனும் மட்டும் பார்க்கிற ஒரு பட்டறை இருக்கிறது. முன்பக்கம் பெயர்ப்பலகை கிடையாது. ஆனால் பொள்ளாச்சியிலிருந்தும் உடுமலையிலிருந்தும் வண்டிகள் தேடி வருகின்றன.

நான் போனபோது மேஸ்திரி ஒரு அலாய் வீலைக் கவிழ்த்துப் போட்டு அதன் உள்விளிம்பில் மண்ணெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். சற்று ஊறவிட்டு, பனியன் வேஸ்ட்டால் ஈரமே தெரியாதபடி துடைத்தார். பிறகு சாக்பீஸைப் பொடித்து மேலே தூவினார். கொஞ்ச நேரத்தில் வெள்ளைப் பொடியில் மெல்லிய கறுத்த கோடு ஒன்று ஊறி வந்தது. வெடிப்புக்குள் ஒளிந்திருந்த எண்ணெய், பொடியில் ஏறித் தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

"பெண்டு எடுத்துரலாமுங்க. கிராக்க எடுக்க முடியாதுங்க" என்றார். பெண்டு எடுப்பது என்றால் கேஸ் சுடரில் அளவாகச் சூடேற்றி, ஹைட்ராலிக் ஜாக்கியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, சுழற்றிப் பார்த்துச் சரிசெய்வது. சூடு கூடினால் வார்ப்பின் பலமே போய்விடும். வீல்காரர் வெல்டிங் வைத்துத் தரும்படி கெஞ்சினார். மேஸ்திரி மசியவில்லை. "வெல்டிங் வச்சாப் பாக்க நல்லாத்தான் இருக்கும். அவிநாசி ரோட்டுல நூறுல போறப்ப ஒடைஞ்சா யாருங்க பொறுப்பு?" ஒரு வேலையை வேண்டாமென்று சொல்லி, வந்த கூலியை விட்டுவிடுகிற மனிதர்கள் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள் என்பதை நான் முதலில் எழுத விரும்புகிறேன். கார் மாற்றியமைப்பு என்றாலே ரேஸ் விடும் பையன்களின் விளையாட்டு என்ற எண்ணம் நம்மிடம் ஊறியிருக்கிறது.

கோவைக்கு இதில் ஒரு மரபும் உண்டு. எஸ். கரிவரதன் 1980களின் இறுதியில் மாருதி என்ஜின் வைத்த ஃபார்முலா மாருதி பந்தய வண்டியை உருவாக்கியது இந்த ஊரில்தான். செட்டிப்பாளையத்தில் அவர் பெயர் தாங்கிய பந்தயத் தடம் இருக்கிறது. பந்தய வண்டிகளில் கை வைத்தவர்களிடம்தான் மேஸ்திரி சின்ன வயதில் தொழில் பழகியிருக்கிறார்.

அன்று மேடையில் ஏறியிருந்தது முதல் தலைமுறை கிரெட்டா. 2015இல் வந்த மாடல், ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தயாரானது. உரிமையாளர் பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னை விவசாயி. தோப்புப் பாதையின் நடுமேடு வண்டியின் அடியில் உரசுகிறது, ஒன்றரை அங்குலம் தூக்கிவிடுங்கள் என்று வந்திருந்தார். ஸ்ட்ரட்டின் தலையில் அலுமினியக் கட்டை வைப்பது, ஸ்ப்ரிங் சுருளுக்கிடையே ரப்பர் பஃபர் செருகுவது என்று இதற்குக் குறுக்குவழிகள் உண்டு. கட்டை வைத்துத் தூக்கினால் டிரைவ் ஷாஃப்ட்டின் சாய்வு கூடி சிவி ஜாயின்ட் சீக்கிரம் தேயும், சக்கரத்தின் கோணங்களான டோ, கேம்பர் இரண்டும் மாறும். பஃபர் செருகினால் சுருளின் ஒரு பகுதி வேலை செய்யாமல் பாரம் மற்ற சுருள்களில் ஏறும். உயரம் கூடக்கூட வண்டி வளைவில் சாய்வதும் கூடும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்குகிறவருக்கு அது சின்ன விஷயமல்ல.

மேஸ்திரி டேப் எடுத்துச் சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து ஃபெண்டர் விளிம்புவரை நான்கு பக்கமும் அளந்தார். பின்பக்கம் இறங்கிக் கிடந்தது. "தேங்கா மூட்டை ஏத்துவீங்களாங்ண்ணா?" விவசாயி தலையாட்டினார். ஸ்ப்ரிங் தொய்ந்துவிட்டது, சாக்கப்சரில் எண்ணெய் கசிந்திருக்கிறது. "தூக்க வேண்டாமுங்க. கம்பெனி ஸ்ப்ரிங்கும் சாக்கப்சரும் நாலு பக்கமும் புதுசு போட்டா, போன ஒசரம் தானா வந்துரும்." பெரிய வேலையைச் சின்ன வேலையாக்கித் தருகிற அந்தக் கணக்குதான் என் கண்ணில் இந்தத் தொழிலின் உச்சம்.

ஸ்ப்ரிங் கழற்றுவதை அருகில் நின்று பார்த்தேன். மேஸ்திரி என் தோளைப் பிடித்து இரண்டடி தள்ளி நிறுத்தினார். முன்பக்க ஸ்ட்ரட்டில் சுருளின் இருபுறமும் கம்ப்ரஸர் கொக்கிகளை எதிரெதிரே மாட்டி, இந்தப் பக்கம் சில சுற்று, அந்தப் பக்கம் சில சுற்று என்று மாற்றி மாற்றி முறுக்கினார் பட்டறைப் பையன். ஒருபக்கம் மட்டும் இறுகினால் சுருள் வளைந்து கொக்கி நழுவும். நழுவினால் அந்த எஃகு எங்கே பாயும் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால் ஸ்ட்ரட்டின் நேர்கோட்டில் ஒருவரும் நிற்பதில்லை. புதுச் சுருளின் முனை கீழ்த்தட்டின் பள்ளத்தில் பொருந்தியதா என்று விரலால் தடவிப் பார்த்த பிறகே மேல்நட்டைப் பூட்டினார்.

எல்லாம் மாட்டியபின் லோயர் ஆர்ம் போல்ட்டுகளை முழுதாக இறுக்காமல் வண்டியை இறக்கச் சொன்னார் மேஸ்திரி. காரணம் கேட்டேன். "சக்கரம் தொங்கறப்ப இறுக்கினா புஷ்ஷு அந்த நெலமையிலேயே புடிச்சுக்கும். வண்டி எறங்குனதும் ரப்பரு முறுக்கிட்டே கெடந்து சீக்கிரம் கிழிஞ்சுருமுங்க. வெயிட்டு தரையில விழுந்தப்பறந்தான் கடைசி இறுக்கு." எந்தச் சான்றிதழும் இல்லாத அறிவு அது.

அடுத்து, பெரிதாக்கக் கேட்டிருந்த சக்கரம். வண்டியில் இருந்தது 205/65 ஆர்16. அதே கிரெட்டாவின் உயர் வேரியன்ட்டில் கம்பெனியே தந்த அளவு 215/60 ஆர்17; மேஸ்திரி ஒப்புக்கொண்டது அதற்குத்தான். கணக்குப் போட்டால் டயரின் விட்டம் சுமார் 673 மில்லிமீட்டரிலிருந்து 690 ஆகிறது. வண்டி 8 மில்லிமீட்டர் உயரும். ஸ்பீடோமீட்டர் முன்பு காட்டிய அதே 100இல் வண்டி இப்போது இரண்டரை கிலோமீட்டர் கூடுதலாக ஓடும். விவசாயியின் மகன் 18 அங்குலம் கேட்டார். மேஸ்திரி அதற்கும் சம்மதிக்கவில்லை.

வாங்கி வந்திருந்த ரிம்மின் நடுத்துளை 73.1, வண்டியின் ஹப் 67.1. அந்த இடைவெளிக்கு ஹப் ரிங் போட்டார்கள். அது இல்லாவிட்டால் வீல் நடுவில் உட்காராமல் எண்பதுக்கு மேல் ஸ்டீயரிங் நடுங்கும். ரிம்மின் உட்பக்கம் அலாய் வீல் தரத்துக்கான ஜேடபிள்யூஎல் முத்திரையும் தாங்கும் பாரமும் வார்ப்பிலேயே இருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பார்த்தார் மேஸ்திரி. ஹப் முகத்தை வயர் பிரஷ்ஷால் தேய்த்து, ஐந்து நட்டுகளையும் நட்சத்திர வரிசையில் ஏற்றி, டார்க் ரெஞ்ச் 'டிக்' என்று சொல்லும்வரை இறுக்கினார்கள். கொஞ்சம் ஓட்டிவிட்டு வந்து மறுபடி இறுக்கிக்கொள்ளச் சொன்னார்கள்.

இவ்வளவும் நடந்து முடிந்தபோது கையில் ஒரு துண்டுச் சீட்டு. "ஸ்ப்ரிங், சாக், வீல் செட்" என்று எழுதி, கீழே மொத்தத் தொகை. இங்கேதான் எனக்கு மனம் பொறுக்கவில்லை.

காரணம், அதே பட்டறையின் மூலையில் நின்ற ஒரு வண்டி. சென்டர் மீடியனில் ஏறி முன்பக்கம் நொறுங்கி, விலையுயர்ந்த ரிம் இரண்டு உடைந்து, இன்சூரன்ஸ் சர்வேயருக்காகக் காத்திருந்தது. அவர் வந்தார், பொறுமையானவர். சேதத்தைப் படம் பிடித்துவிட்டு பாலிசி அட்டவணையை விரித்தார். மின்சாரம் சாராத துணைக்கருவிகள் என்ற கட்டத்தில் சுழியம். "ரிம் இருக்கறது எனக்குக் கண்ணுல தெரியுது சார். பாலிசிக்குத் தெரியலையே" என்றார். பில்லும் இல்லை, இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவலும் இல்லை. பாகத்தின் மதிப்பை அவர் எதை வைத்து எழுதுவார்?

நம் மோட்டார் பாலிசிகளின் வாசகங்கள் பெரும்பாலும் 2002ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் டாரிஃபிலிருந்து வந்தவைதான். ரிம் போன்ற பாகத்தின் மதிப்பைத் தனியாகச் சொல்லி, வண்டியின் காப்பீட்டு மதிப்போடு சேர்த்துப் பிரீமியம் கட்டினால்தான் அது கணக்கில் வரும். கூடுதல் விளக்கு, மியூசிக் சிஸ்டம் போன்ற மின் சாதனங்களுக்கு அந்த டாரிஃப் வைத்தது மதிப்பில் 4 சதவீதம். எல்லாம் சொல்லியிருந்தாலும் முழுத்தொகை வராது. டயருக்கு, வண்டியும் சேர்ந்து அடிபட்டிருந்தால் மட்டும் பாதி விலை. உலோகப் பாகத்துக்கு வண்டியின் வயது 5 ஆண்டைத் தாண்டினால் 40 சதவீதம் தேய்மானம் பிடிப்பார்கள். பாலிசியோடு தேய்மானமில்லா ஆட்-ஆன் எடுத்திருந்தால் கதை வேறு.

இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லிவிட்டால் எதையும் மாட்டலாம் என்றும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைக் கறாராக உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி 182ஏ பிரிவில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். மேஸ்திரி 18 அங்குலத்தை மறுத்தது சட்டம் படித்து அல்ல. ஆனால் அவருடைய அனுபவம் கொண்டுபோய் நிறுத்திய இடமும், வழக்கு வராமல் இருக்க உரிமையாளர் நிற்க வேண்டிய இடமும் ஒன்றாகவே இருந்தன.

ஜெர்மனியில் இப்படி மாற்றிய வண்டியை டியூவி போன்ற அமைப்பின் பரிசோதகரிடம் காட்டி, அவர் ஒப்புக்கொண்டால் வண்டியின் ஆவணத்திலேயே ஏற்றிக்கொள்ளலாம். இங்கே அப்படி ஒரு வாசல் திறந்திருந்தால் ஆவாரம்பாளையத்துக் கைகளுக்கு எவ்வளவு மதிப்பு கூடியிருக்கும்! நல்ல வேலையையும் மோசமான வேலையையும் ஒரே தடையின் கீழ் தள்ளினால், ரகசியமாகச் செய்யப்படும் மோசமான வேலைதான் பெருகும். இதை அங்கே நின்று பார்த்த பிறகு நான் உறுதியாகவே நம்புகிறேன்.

சர்வேயர் போனதும் மேஸ்திரியோடு உட்கார்ந்து தென்னை விவசாயிக்கு வேறொரு பில் எழுதினோம். ரிம்மின் அளவு, ஆஃப்செட், தாங்கும் பாரம், டயர் அளவு, அது உயர் வேரியன்ட்டின் அளவே என்ற குறிப்பு, ஒவ்வொன்றின் விலை, ஜிஎஸ்டி. மாட்டிய சக்கரங்களைப் பதிவெண் தெரியும்படி படம் எடுத்து, பில்லோடு சேர்த்து இன்சூரன்ஸ் ஏஜென்டுக்கு அங்கிருந்தே அனுப்பினார் மகன். பாலிசியில் ஏற்றிய சான்று கைக்கு வரும்வரை விடாதீர்கள் என்று நானும் சொன்னேன். மேஸ்திரி அந்த பில்லின் நகலை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இதே மாதிரி ஒரு புத்தகம் அச்சடிக்க எவ்வளவு ஆகும் என்று கேட்டார். நட்டுகளை எத்தனை டார்க்கில் இறுக்கினார்கள் என்பதற்கும் அதில் ஒரு கட்டம் போடச் சொல்லியிருக்கிறேன்.