புளியில்லாக் குழம்பு

தவக்காலத்து வெள்ளிக்கிழமை அது. கப்பலில் சமையற்காரனாகப் பணியாற்றும் என் மகன், மூன்றாண்டுகளுக்குப் பின் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்திருந்தான். இராஜபாளையத்துப் பஞ்சாலையொன்றில் கணக்கராக இருந்த நான், அங்கேயே அவனுக்கும் வேலை பார்த்து வைத்திருந்தேன். அதை உதறிவிட்டு அவன் கடலேறிய நாள்முதல் எங்களிடையே முகங்கொடுத்த பேச்சில்லை.

சுத்தபோசன நாளாதலால் இத்தாலிய மீன்குழம்பு ஒன்று சமைப்பதாகத் தாயிடம் சொன்னான். மீன் வாங்கிவர எங்கள் இருவரையும் சேர்த்தே இராஜபாளையத்துக்கு அனுப்பினாள் அவள். அரைமணி நேரப் பேருந்துப் பயணத்தில் ஒரு சொல்லும் பிறக்கவில்லை. தூத்துக்குடியிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் பனிக்கட்டியில் வந்த பாறை மீனைச் செவுள் தூக்கிப் பார்த்து வாங்கினான். நண்டு, இறால், கணவாயும் வாங்கினான்.

சட்டியில் ஒலிவ எண்ணெய்க்குப் பதில் நல்லெண்ணெய் காய்ந்தது. வெங்காயமும் பூண்டும் வதங்கியபின் ஒரு கிலோ தக்காளி அரைமணி நேரம் குழைந்து வெந்தது. திராட்சை இரசத்துக்கு ஈடாக எலுமிச்சை பிழிந்தான். முதலில் நண்டு, பின்பு மீன், கடைசியில் இறாலும் கணவாயும். "இவை மூன்று நிமிடத்துக்கு மேல் வெந்தால் ரப்பராகிவிடும், அம்மா" என்றான். புளி கரைக்க எழுந்தவளைத் தடுத்தான்.

சொப்பீனோ என்பது அதன் பெயராம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தாலியின் ஜெனோவாப் பகுதியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவில் குடியேறிய மீனவர்கள், அங்குக் கிடைத்த நண்டையும் மீனையும் கொண்டு தம் ஊர்க்குழம்பைச் சமைத்ததில் பிறந்ததாம். அந்தக் குழம்புக்கு உயிரான தக்காளியே 16ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்த விருந்தாளி என்றும் தாயிடம் விளக்கினான். திண்ணையிலிருந்து நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

உண்ண அமர்ந்தபோது உள்ளம் உறுத்தியது. இறைச்சியை விலக்கி மீன் உண்பது எனக்கு ஒருநாளும் கடினமாயிருந்ததில்லை. மூன்றாண்டுகளாக நான் ஒறுக்காமல் விட்டது என் வீம்பை அன்றோ? ஊரைவிட்டுச் சென்றவர்கள் ஊரை மறந்துவிடுவதில்லை. கைக்குக் கிடைத்ததைக் கொண்டு அதன் சுவையைக் காத்துக்கொள்கிறார்கள். என் மகனும் தாயின் சட்டியைத் தேடித்தானே திரும்பி வந்திருக்கிறான்!

"உப்பு அளவாக இருக்கிறது" என்றேன்.

அவன் தலைநிமிர்ந்தான். "இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா, அப்பா?"

தட்டை அவன்பக்கம் நகர்த்தினேன்.